ரெண்டு மூணு கட்டுரைதான்

என் லேப்டாப்புல ‘படிக்க வேண்டியது’ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கு. உள்ள அறுநூத்திப் பன்னெண்டு ஆராய்ச்சிக் கட்டுரை. அதுல முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் நான் படிச்சது பதினொண்ணோ பன்னெண்டோ. மத்ததெல்லாம் சும்மா கெடக்கு. அழிக்கவும் மனசு வரல, திறக்கவும் தெம்பு இல்ல. அந்த ஃபோல்டரை ரொப்புறதுக்காக ஒரு பொண்ணுக்கு நான் பண்ண கேவலத்தை இங்க எழுதிடறேன். படிச்சிட்டு யாராவது காறித் துப்பினா துடைச்சிக்கிறேன். எழுதாம வச்சிருக்கறதுதான் இப்ப தாங்க முடியல.

நான் புதுச்சேரி டவுனுக்குள்ள ஒரு காலேஜ்ல கெஸ்ட் லெக்சரர். வேலை பாத்துக்கிட்டே பல்கலைக்கழகத்துல பகுதிநேர ஆராய்ச்சி. எங்கப்பா மில்லுத் தொழிலாளி. மில்லு மூடினப்புறம் அந்தத் தொழிலாளிங்க வீட்டுப் பொம்பளைங்க என்னென்ன வேலைக்குப் போனாங்கங்கறதுதான் என் தலைப்பு. கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா நம்ம தெருப் பொம்பளைங்ககிட்ட பேசி எழுதினா மட்டும் ஆராய்ச்சி ஆயிடாது. இதைப் பத்தி உலகத்துல யார் யார் என்ன எழுதியிருக்காங்கன்னு ஜர்னல் ஜர்னலாத் தேடிப் படிச்சிருக்கணும். அந்த ஜர்னல் ஒவ்வொண்ணும் ஆனை வெலை குதிரை வெலை. பல்கலைக்கழக லைப்ரரி சந்தா கட்டி வச்சிருக்கும். ஆராய்ச்சிக்குப் பேர் பதிஞ்சவங்க லாகின் போட்டு வீட்டுலேர்ந்தே படிக்கலாம். எங்க காலேஜ்ல அதெல்லாம் கெடையாது. ஸ்டாண்டுல ரெண்டு தினசரி, பூட்டின பீரோவுல பழைய பாடப் புத்தகம், அவ்ளோதான் எங்க லைப்ரரி.

மொத வருஷம் எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. கூகுள்ல தலைப்பைப் போடுவேன். கட்டுரையோட சுருக்கம் மட்டும் இலவசமா வரும். அதைப் படிச்சிட்டு, முழுசும் படிச்ச மாதிரி என் அத்தியாயத்துல எழுதிடுவேன். ஒரு நாள் என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டுற கைடு என் பேப்பரைப் பொரட்டிட்டு, “இந்தக் கட்டுரையில அவங்க எத்தனை பேர்கிட்ட பேசியிருக்காங்கம்மா?”ன்னு சாதாரணமாத்தான் கேட்டார். திருதிருன்னு முழிச்சேன். அவர் பேப்பரை மூடித் திருப்பிக் குடுத்துட்டார். அந்த அறையில இன்னொருத்தியும் உக்காந்திருந்தா. அதே கைடுகிட்ட முழுநேர ஆராய்ச்சி பண்ற பொண்ணு, என்னைவிட ஒம்பது வயசு சின்னவ. வெளிய வந்ததும், “வாங்கக்கா, லைப்ரரிக்குப் போலாம்”னு என்னை இட்டுக்கிட்டுப் போனா. ஒரு இளிப்பு இல்ல, ஒரு நக்கல் இல்ல.

அன்னிக்கு அவ சொல்லித் தந்ததுதான் இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரிஞ்ச வித்தை. எந்த வார்த்தையைப் போட்டுத் தேடணும், எதைச் சேத்துத் தேடணும், நல்ல கட்டுரை ஒண்ணு கெடைச்சா அதோட கடைசிப் பக்கத்துல இருக்கற பட்டியலைப் புடிச்சிக்கிட்டுப் பின்னாடி எப்படிப் போகணும், அதை யார் யார் மேற்கோள் காட்டியிருக்காங்கன்னு பாத்து முன்னாடி எப்படி வரணும். பொறுமையா, ஒரே விஷயத்தை நாலு தடவை கேட்டாலும் நாலு தடவை சொல்லுவா. அவங்கம்மா சேதராப்பட்டுல ஒரு ஃபேக்டரியில ஷிஃப்ட் வேலை பாக்குறவங்க. பொண்ணோட தலைப்பும் அதான்: ஷிஃப்ட் மாறி மாறி வேலை செய்யற பொம்பளைங்களோட தூக்கம். அவகிட்ட ஒரு பழக்கம். தேவைப்படுற அன்னிக்குத்தான் கட்டுரையை எடுப்பா, எடுத்தா அன்னிக்கே படிச்சு முடிச்சிடுவா. சேத்து வைக்கிறதே கெடையாது.

நான் அதுக்கு நேர் எதிர். எங்க வீட்டுல குழாயில தண்ணி வந்தா குடம், அண்டா, கடைசியில சொம்பு வரைக்கும் புடிச்சு வைப்போம். நாளைக்கு வருமோ வராதோன்னு பயம். கட்டுரையையும் நான் அப்படித்தான் புடிச்சேன். கண்ணுல பட்டதையெல்லாம் இறக்கி வச்சா பாதி ஆராய்ச்சி முடிஞ்ச மாதிரி ஒரு நிம்மதி.

நாலாவது வருஷம் என் பதிவுக் காலம் முடிஞ்சு போச்சு. நீட்டிப்புக்கு எழுதிக் குடுத்தேன், ஃபைல் எந்த மேசையில தூங்குச்சோ தெரியாது. நீட்டிப்பு வர்ற வரைக்கும் லைப்ரரி லாகின் கட். அந்தப் பொண்ணுகிட்ட புலம்பினேன். அவ கொஞ்ச நேரம் யோசிச்சா. யாருக்கும் பாஸ்வேர்டு குடுக்கக் கூடாதுன்னு லைப்ரரியில எல்லார்கிட்டயும் கையெழுத்தே வாங்கியிருக்காங்க. அப்படியும், “நீங்கதானேக்கா. ஒண்ணு ரெண்டு வேணும்னா எடுத்துக்குங்க”ன்னு தன்னோட பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்தா. வேற யார் கேட்டிருந்தாலும் குடுத்திருக்க மாட்டா. அது எனக்கு நல்லாத் தெரியும்.

ஒரு ஞாயித்துக்கெழம. பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்குற ஒரு சொல்தா குடும்பத்தோட வீட்டுல, மாடியில நாங்க குடியிருந்தோம். பெரிய மார்க்கெட்டுலேர்ந்து வாங்கி வந்த சங்கரா மீனைக் கொழம்பு வச்சு சாப்பிட்டுட்டு எங்க வீட்டுக்காரர் கொறட்டை விட்டுக்கிட்டிருந்தார். நான் லேப்டாப்பைத் தொறந்தேன். எங்க துறைக்கு முக்கியமான ஜர்னல் ஒண்ணு இருக்கு. ஒரு இணையப் பக்கத்துல இருக்கற பிடிஎஃப் எல்லாத்தையும் ஒரே அமுக்குல இறக்குற சின்ன ப்ரோக்ராம் ஒண்ணை, காலேஜ்ல ஒருத்தர் எனக்குப் போட்டுத் தந்திருந்தார். அமுக்கினேன். ஒரு வருஷ இதழ் மொத்தமும் கொட்டுச்சு. அட, இவ்ளோ சுளுவா இருக்கேன்னு அடுத்த வருஷம். அதுக்கடுத்தது. மொத்தமா இறக்குறது விதிமீறல்னு அந்தப் பக்கத்துல செவப்பு எழுத்துல போட்டிருந்துச்சு. பாத்தேன். பாக்கலன்னு இங்க பொய் சொல்ல மாட்டேன். நல்லாப் பாத்தேன், தாண்டிப் போனேன். ரெண்டு மணி நேரத்துல அறுநூத்திப் பன்னெண்டு. எல்லாத்தையும் ‘படிக்க வேண்டியது’ன்னு ஒரு புது ஃபோல்டர்ல போட்டு வச்சேன்.

செவ்வாக்கெழம காலையில ஆராய்ச்சி மாணவர்ங்க வாட்ஸ்அப் குரூப்புல ஒரே ரகளை. யாரோ ஒருத்தர் மொத்தமா இறக்கினதால அந்த வெளிநாட்டுப் பதிப்பகம் நம்ம பல்கலைக்கழகம் முழுசுக்கும் கதவை இழுத்துச் சாத்திட்டான்னு லைப்ரரி மெயில் போட்டிருந்துச்சு. அவங்களோட ஜர்னல் ஒண்ணுகூட யாருக்கும் தெறக்காது, எப்போ சரியாகும்னும் தெரியாது. “எவன்டா அந்த அறிவு கெட்டவன்?”னு ஒருத்தன். “நாளைக்கு எனக்கு செமினார், நாசமாப் போக”ன்னு ஒருத்தி. அது நான்தான்னு படிக்கும்போதே தெரிஞ்சு போச்சு. ஆனா பாருங்க, கை சும்மா இருக்கல. கோவமா மொறைக்கிற மூஞ்சி ஒண்ணை நானும் அந்தக் குரூப்புல போட்டேன். அந்தச் செவத்த மூஞ்சி இப்பவும் அங்க இருக்கு.

சாயங்காலம் அவ கூப்பிட்டா. “அக்கா, என் ஐடியிலதான் நடந்திருக்குன்னு லைப்ரரியிலேர்ந்து மெயில் வந்திருக்கு. நாளைக்கு நேர்ல வரச் சொல்றாங்க. நீங்க எதுனா எடுத்தீங்களாக்கா?”

நான் யோசிக்கக்கூட இல்ல. யோசிச்சு சொன்ன பொய்யின்னா ஒரு சமாதானம் சொல்லலாம். “ரெண்டு மூணு கட்டுரைதாம்மா எடுத்தேன்”னு வந்துடுச்சு வாயில. “அதுவும் போன வாரம்.”

“அப்படியா”ன்னா. “நாளைக்கு என்கூட வரீங்களாக்கா? தனியாப் போகப் பயமா இருக்கு.”

போனேன். அதைத்தான் என்னால மன்னிக்க முடியல. போகாம இருந்திருந்தாக்கூட ஒரு கோழைன்னு விட்டுடலாம். நான் அவகூட பஸ்ல போயி, லைப்ரரியில மின்னணு ஜர்னலையெல்லாம் பாத்துக்கற மேடத்தோட அறையில, அவளுக்குப் பக்கத்து நாற்காலியில உக்காந்தேன். மேடம் ஒரு தாளை அவ முன்னாடி வச்சாங்க. தேதி, ஆரம்பிச்ச மணி, முடிஞ்ச மணி, எத்தனை ஃபைல், எல்லாம் அச்சடிச்சிருந்துச்சு. ஞாயிறு, மத்தியானம் ரெண்டு பத்து. அவ அந்தத் தாளை ரொம்ப நேரம் பாத்தா. நான் மேசையில இருந்த பேனா ஸ்டாண்டைப் பாத்துக்கிட்டிருந்தேன்.

“பாஸ்வேர்டை யாருக்காவது குடுத்தியாம்மா?”ன்னு மேடம் கேட்டாங்க.

அவ தலையத் தூக்காம, “இல்ல மேடம். யாருக்கும் குடுக்கல”ன்னா.

“அப்ப நீதான் எறக்கியிருக்க. படிச்ச பொண்ணு, இப்படிப் பண்ணலாமா? உன்னால ஊரே படிக்க முடியாம உக்காந்திருக்கு.” மேடம் மோசமானவங்க இல்ல, எல்லாத் துறையிலேர்ந்தும் அவங்களுக்குத் திட்டு விழுந்துக்கிட்டிருந்துச்சு. விளக்கக் கடிதம் எழுதச் சொன்னாங்க. என் கவனக் குறைவால் நடந்த தவறு, இனி நடக்காது, மன்னிக்கவும். அவ அங்கேயே எழுதினா. கைடுக்கு ஒரு நகல், துறைத் தலைவருக்கு ஒரு நகல். அவ லாகினை ஆறு மாசம் முடக்கிட்டாங்க.

வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தேன்னு நீங்க கேக்கலாம். இல்ல, பேசினேன். அதுதான் கொடுமை. கடைசியில எழுந்திருக்கறப்போ, பெரியவ மாதிரி, “நான் அவகிட்ட எடுத்துச் சொல்றேன் மேடம். இனிமே இப்படி ஆகாது”ன்னேன். அவ திரும்பி என்னை ஒரு பார்வை பாத்தா. மேடம் எனக்கு நன்றி சொன்னாங்க.

திரும்பி வர்ற பஸ்லதான் அவளுக்கு என்ன ஆபத்துன்னு எனக்கு முழுசாத் தெரிஞ்சுது. அவ அனுப்பின கட்டுரையை ஒரு ஜர்னல்காரங்க ஏறக்குறைய ஏத்துக்கிட்டிருந்தாங்க. ஆனா மதிப்பிட்டவர் ஒருத்தர், தூக்கத்தை இப்படி அளக்கறது சரியில்ல, இன்ன பழைய கட்டுரையைப் படிச்சிட்டுப் பதில் சொல்லுன்னு எழுதியிருந்தார். ஏற்கெனவே ஒரு தடவை நாள் கேட்டு வாங்கியாச்சு. வர்ற திங்கக்கெழம கடைசி. அந்தக் கட்டுரை வெளிவர ஒப்புதல் வந்தாத்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியும். ஆய்வேட்டுக்கும் அவளுக்கு அந்த மாசத்தோட கெடு முடியுது. அதைத் தாண்டினா பதிவே ரத்து, அஞ்சு வருஷ உழைப்பு பாழ். அந்தப் பழைய கட்டுரை இருந்தது எங்க தெரியுமா? நான் ஞாயித்துக்கெழம ஒட்ட வழிச்ச அதே ஜர்னல்ல.

அவ என்னென்னமோ பண்ணிப் பாத்தா. எழுதின வெளிநாட்டுக்காரருக்கு மெயில் போட்டா, அந்த முகவரியே செத்துப் போச்சுன்னு திரும்பி வந்துடுச்சு. லைப்ரரிக் கீழ்த்தளத்துல பழைய ஜர்னலை பைண்டு பண்ணி வச்சிருக்கற அடுக்குல ஒரு நாள் பூரா தும்மிக்கிட்டே தேடினா. அந்தக் கட்டுரை வந்த வருஷத்துக்கு முந்தின வருஷத்தோடயே அச்சு இதழ் வாங்கறதை நிறுத்தியிருக்காங்க. கைடு தனக்குத் தெரிஞ்ச ரெண்டு பேர்கிட்ட கேட்டார், அவங்ககிட்டயும் இல்ல. ஒவ்வொண்ணையும் எனக்கு போன் பண்ணி சொல்லுவா. நானும், “அச்சச்சோ, அப்படியா, இன்னும் வேற எங்கயாவது கேட்டுப் பாரும்மா”ம்பேன். சொல்லும்போதே எனக்கு என் குரலைக் கேக்கக் கூசும்.

வெள்ளிக்கெழம காலையில மொத வகுப்பு இல்ல. ஸ்டாஃப் ரூம்ல லேப்டாப்பைத் தொறந்து அந்த ஃபோல்டர்ல தேடினேன். இருந்துச்சு. பத்தொம்பது பக்கம், முழுசா. உடனே அனுப்பியிருந்தா அவ ஒரு நிமிஷத்துல கையில வாங்கியிருப்பா. ஆனா ஒவ்வொரு பக்கத்தோட அடியிலயும் பொடி எழுத்துல ஒரு வரி. இந்தப் பல்கலைக்கழகம் வழியா, இந்தத் தேதி, இந்த மணிக்கு எடுத்ததுன்னு. ஞாயிறு, மத்தியானம் ரெண்டே முக்கால்.

இப்பவாவது உண்மையைச் சொல்லுடின்னு மனசு சொல்லுச்சு. நான் என்ன பண்ணேன் தெரியுமா? பெரிய மார்க்கெட் பக்கத்துல ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். மொதல்ல அச்செடுத்து, அப்புறம் அடியில வெள்ளைப் பேப்பரைப் பட்டையா வெட்டி வச்சு, அந்த வரி விழாத மாதிரி மறுபடி ஒரு ஜெராக்ஸ். பத்தொம்பது தடவை. கடைக்காரர் சிரிச்சார். “இன்னாக்கா, கொஸ்டின் பேப்பரா?” நானும் கூடச் சேந்து சிரிச்சேன். ஒரு வாத்தியாரம்மா, ஒரு ஆராய்ச்சியாளர், ஜெராக்ஸ் மிஷின் முன்னாடி திருட்டுத்தனமாப் பட்டை வச்சிக்கிட்டு நிக்கிறேன். மானங்கெட்ட பொழைப்பு.

உழவர்கரையில அவ வீட்டுக்கு நேரா எடுத்துக்கிட்டுப் போனேன். அவங்கம்மா நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்து, கண்ணு மேல முந்தானையைப் போட்டுக்கிட்டுக் கூடத்துல தூங்கிக்கிட்டிருந்தாங்க. அவங்களைத் தாண்டித்தான் உள்ள போகணும். பேப்பரைக் குடுத்ததும் அவ கண்ணுல தண்ணி வந்துடுச்சு. “யாருக்கா குடுத்தாங்க?”

“சென்னையில ஒரு தெரிஞ்சவங்க.”

அவ முதல் பக்கத்தைப் பாத்தா. ரெண்டாவதைப் பாத்தா. எல்லாப் பக்கத்துலயும் அடியில ஒரே அளவுக்கு வெள்ளையா இருந்ததைக் கட்டை வெரலால தடவினா. “தேங்க்ஸ்க்கா”ன்னு சொல்லிட்டுப் பென்சிலை எடுத்துக்கிட்டு அங்கேயே உக்காந்துட்டா. நான் கெளம்பினது அவளுக்குத் தெரிஞ்சிருக்காது.

திங்கக்கெழம அனுப்பிட்டா. ஒப்புதல் வந்துச்சு. ஆய்வேடும் கெடுவுக்குள்ள போயிடுச்சு. ஜர்னல் கதவும் ஒம்பது நாளுல தெறந்துடுச்சு, குரூப்புல எல்லாரும் வேற சண்டைக்குப் போயிட்டாங்க. தப்பிச்சேன்னு நான் மூச்சு விட்டேன். அவ அன்னிக்கு யாருக்கும் குடுக்கலன்னு சொன்னது கூட, குடுத்தேன்னு சொன்னா அவளுக்கும் தண்டனைதானே, அதனாலதான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அப்படி நெனச்சா ராத்திரி சோறு எறங்குச்சு.

எட்டு மாசம் கழிச்சு அவளோட வாய்மொழித் தேர்வு. எங்க பல்கலைக்கழகத்துல அது எல்லாரும் வந்து பாக்கலாம். முடிஞ்சதும் தேர்வுக்கு நின்னவங்கதான் சமோசா, மிக்சர், காப்பின்னு எல்லாருக்கும் தரணும். “அந்தப் பொறுப்பு உங்களுதுக்கா”ன்னு என்கிட்ட விட்டிருந்தா. அவ அருமையாப் பேசினா. வெளியிலேர்ந்து வந்த பேராசிரியர் கைதட்டினார். தட்டு அடுக்கிக்கிட்டே மேசையில இருந்த ஆய்வேட்டைப் பொரட்டினேன். நன்றிப் பக்கத்துல கைடு, அம்மா, அவ பேசின ஃபேக்டரிப் பொம்பளைங்க, அதுக்கப்புறம் நான். கிடைக்கவே கிடைக்காத ஒரு கட்டுரையைத் தேடித் தந்த அக்காவுக்குன்னு போட்டிருந்தா.

அதுக்கு மேல என்னால முடியல. கூட்டம் கலைஞ்சதும் அவளைத் தாழ்வாரத்து ஓரமா இழுத்துட்டுப் போனேன். எல்லாத்தையும் கொட்டினேன். அறுநூத்திப் பன்னெண்டு, ஜெராக்ஸ் கடை, வெள்ளைப் பட்டை, எல்லாம். அழுதேன். அவ அழல. கையில காலித் தட்டுங்களை அடுக்கி வச்சிக்கிட்டு நின்னு கேட்டா.

“தெரியும்க்கா”ன்னா.

“எப்ப?”

“அந்தத் தாளை மேடம் காட்டினப்பவே. அந்த ஞாயித்துக்கெழம மத்தியானம் நான் வில்லியனூர்ல காதுகுத்துல இருந்தேன். உங்களைத் தவிர நான் யாருக்கும் குடுக்கலயே.”

“அப்புறம் ஏன் எனக்கு நன்றி எழுதின?”

“அது நெஜம்தானேக்கா. நீங்க கொண்டு வரலன்னா நான் அனுப்பியிருக்க முடியாது.”

வேற வழி தெரியாம, “தெரிஞ்சா ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே நீ”ன்னேன். அப்பவும் பாருங்க, கொஞ்சமாவது அவ பக்கம் தள்ளப் பாக்குறேன்.

“அன்னிக்கு போன்ல கேட்டேனேக்கா”ன்னா.

அதுல கோவம் இல்ல. கோவம் இருந்திருந்தா நான் அதையாவது புடிச்சுக்கிட்டிருப்பேன். அடுத்து ‘பரவால்லக்கா, விடுங்க’ன்னு சொல்லுவான்னு நின்னேன். எங்க ஊர்ல பஸ்ல கால மிதிச்சாக்கூட அதைத்தான் சொல்லுவாங்க. அவ சொல்லல. தட்டுங்களைக் கழுவறதுக்கு எடுத்துக்கிட்டுப் போனா. நான் பின்னாடியே போயி, குடும்மா நான் கழுவறேன்னு கையை நீட்டினேன். வேணாம்க்கா, இது என் வேலைன்னுட்டா.